வளையல் ஏறாத கை

என் அக்காள் பாவாயியின் கையில் எந்த வளையலும் ஏறாது. வளையல்காரர் சோப்பைக் குழைத்துத் தடவி அமுக்கிப் பார்ப்பார், வளையல்தான் உடையும். சாமை குத்திக் குத்தி அவள் உள்ளங்கை அப்படி விரிந்து போயிருந்தது. "மம்பட்டிக் கை" என்று ஊரே கேலி பேசும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்தக் கையே ஒருநாள் எங்கள் ஈரக்குலையை அறுக்கும் என்று யார் கண்டது!

மலைமேல் அரியூர் நாட்டில் எங்கள் சிற்றூருக்கு ஒரு வழக்கம் உண்டு. நோன்புக்கு ஆடு கொடுக்கும் முறை எந்த வீட்டுக்கு வருகிறதோ, அந்த வீட்டு ஆண்பிள்ளை ஆட்டு ரத்தத்தில் கையைத் தோய்த்து வீட்டுச் சுவரில் பதிக்க வேண்டும். ஆண்கை பதியாவிட்டால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு அம்மை வரும் என்பார்கள். பெண்பிள்ளை பதித்தாலோ குடும்பத்தையே ஊரைவிட்டுத் தள்ளிவிடுவார்கள். அந்த வருஷம் முறை அக்காள் வீட்டுக்கு வந்தது. அவள் புருஷன் அர்த்தனாரி மாமாவோ மலைக்காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். தொட்டிலில் கைக்குழந்தை. அவள்தான் என்ன செய்வாள்? யாரும் பார்க்காதபோது தன் கையைப் பதித்துவிட்டாள். என்னிடம் மட்டும் சொன்னாள். மாமாவிடம்கூட மூச்சு விடவில்லை.

அதே வாரம், மிளகு வாங்க வந்த வியாபாரி ஒருவர் அவர்கள் வீட்டுக்குக் கீழே ஓடையில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ், கேட்கவா வேண்டும்? இன்ஸ்பெக்டரும் டாக்டரும் மலையேறி வந்தார்கள். வந்ததும் கண்ணில் பட்டது சுவரில் இருந்த ரத்தக் கை.

"ஆட்டு ரத்தமுங்க. அர்த்தனாரி வெச்ச கை" என்றார் ஊர்க்கவுண்டர்.

மாமாவுக்கு அப்போதுதான் காய்ச்சல் தெளிந்திருந்தது. சூதுவாது தெரியாத மனிதர். "நான் வெக்கலீங்களே, காய்ச்சல்ல கெடந்தேனுங்க" என்று உள்ளதைச் சொல்லித் தொலைத்தார்.

டாக்டர் அளவுகோலை வைத்து அந்தக் கையின் நீளம், அகலம் எல்லாம் அளந்தார். "ஆம்பளைக் கைதான். இவ்வளவு அகலம் பொம்பளைக்கு வராது" என்றார். மாமாவின் கையையும் அளந்தார். ஏறக்குறைய ஒத்துப்போனது. பொய் சொல்கிறான் என்று மாமாவுக்கு விலங்கு மாட்டினார்கள். தூக்குதான் என்றான் ஒரு போலீஸ்காரன்.

அக்காள் என் பக்கம் ஒதுங்கினாள். "சொன்னா ஊரு தள்ளி வெச்சுரும். சொல்லாட்டி மாமன் தூக்குல தொங்குமே" என்று என் காதில் முனகினாள்.

மாமாவை வாசலைத் தாண்டி இழுத்தார்கள். அவ்வளவுதான், அவள் ஓடிப்போய்ச் சுவரில் கையை வைத்தாள்.

"சாமி, அது என்ற கையிங்க!"

உலக்கை பட்டு வளைந்த சுண்டுவிரல்கூட அச்சாகப் பொருந்தியது. டாக்டர் அவள் கையை அளந்தார், மறுபடியும் அளந்தார். இன்ஸ்பெக்டர் விடுவாரா? "அப்போ கொன்னது நீயா?" என்றார்.

சுவர் ரத்தத்தைச் சுரண்டி மதராசுக்கு அனுப்பினார்கள். மாமாவை விட்டுவிட்டு அக்காளைக் கீழே கொண்டுபோய் அடைத்தார்கள். பால் மறக்காத பிள்ளை என் இடுப்பில் கிடந்து கத்தும். கண்ணை மூடினால் எனக்குத் தூக்குக்கயிறுதான் தெரியும். கடைசியில் ஆட்டு ரத்தம் என்று பதில் வந்தது. கொன்றவன் வியாபாரியோடு வந்த கூட்டாளி என்பதும் தெரிந்தது. அக்காளை விட்டார்கள். நானும் மாமாவும் பிள்ளையோடு போய் அவளைக் கூட்டி வந்தோம்.

ஊர் எல்லையிலேயே கவுண்டர் மறித்தார். "சாமி காரியத்துல பொம்பள கை வெச்சுட்டா. இனி உங்களுக்கு இங்க எடமில்ல."

அக்காள் கையைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாள். அதிர்ந்து பேசாத மாமா, அந்தக் கையை வெளியே இழுத்துப் பிடித்தார்.

"ஏனுங்க கவுண்டரே, கோலு வெச்சு அளந்த டாக்டரே ஆம்பளைக் கைன்னுட்டாருங்க. நீங்களும் என்ற கைன்னுதானுங்க சொன்னீங்க. சாமி மட்டும் பொம்பளைக் கைன்னு கண்டுபுடிச்சிருந்தா, என்ற புள்ளைக்கு அம்மை வந்திருக்கோணுமில்லீங்க?"

கவுண்டர் என் இடுப்பில் இருந்த குழந்தையின் முகத்தை உற்றுப் பார்த்தார். ஒரு கொப்புளம் இல்லை. வழியைவிட்டு விலகி நின்றார். அக்காள் ஊருக்குள் நுழைந்தாள். வீடு சேரும்வரை மாமா அவள் கையை விடவே இல்லை.