மருமகன் பூட்டிய ஏசியும் நான் கழுவாத பில்டரும்

என் மனைவியின் பூனையை நாடு கடத்தியவன் நான்தான். மருதமுனையிலுள்ள அவளுடைய தங்கை வீட்டுக்கு, மீன் பெட்டியொன்றில் அடைத்து ஓட்டோவில் ஏற்றி அனுப்பினேன். மனைவிக்கு முட்டு வருத்தம். மூச்சு இழுக்கத் தொடங்கினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பூனையின் மயிர்தான் காரணம் என்று தீர்ப்புச் சொன்னேன். உத்தியோக காலம் முழுவதும் விஞ்ஞானம் படிப்பித்தவன் சொன்னால் எங்கள் வீட்டில் மேன்முறையீடு கிடையாது.

பூனைக்கு முன்பே சாம்பிராணியை நிறுத்தியிருந்தேன். வியாழன் மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீடெல்லாம் சாம்பிராணிப் புகை காட்டாவிட்டால் அவளுக்கு வெள்ளிக்கிழமை பிறந்தது போலவே இருக்காது. அதையும் விட்டாள். மீன் பொரிப்பதை முற்றத்துக்கு மாற்றினேன். வயலில் வைக்கோல் கொளுத்துகிறவர்களை ஏசினேன். கடற்காற்றின் உப்பையும் சந்தேகித்தேன். ஆனால் கடலை அனுப்பிவைக்கத் தங்கை வீடு ஏதும் இருக்கவில்லை.

நான் சந்தேகிக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான். எங்கள் தலைக்கு மேல், சுவரில், வெள்ளை வெளேரென்று ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். நாங்களும் மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் பின் அறைக்கு ஒதுங்கினோம். மருமகன் அந்த வீட்டுக்கு வந்து வாழ்பவர். எத்தனை வருடமானாலும் விருந்தாளிக்குரிய மரியாதைதான் அவருக்கு. மீனில் நல்ல துண்டு அவருக்குப் போகும். அவருக்கு யாரும் வேலை சொல்வதில்லை. அவரும் மாமி படுக்கிற அறைக்குள் கால் வைப்பதில்லை. மாமிக்கு முட்டு என்று கேள்விப்பட்டதும், புகையும் தூசியும் வராமல் யன்னலைப் பூட்டி வைத்துக்கொள்ளட்டும் என்று, தானாகவே ஒரு ஏசி வாங்கிக் கொண்டுவந்தார். அதைச் சுவரில் பூட்ட வந்தவர்கள் அறைக்குள் வேலை செய்ய, அவர் விறாந்தையில் நின்றபடியே, "கொஞ்சம் வலப்பக்கம், இன்னும் கொஞ்சம்" என்று சுவரைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்ததும், சமையல் நடந்துகொண்டிருந்த குசினியின் வாசலுக்குப் பக்கத்தில் என்னைக் கண்டு சொன்னார்:

"மாமா, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா பில்டரக் கழட்டிக் கழுவணுமாம். சும்மா தண்ணியில கழுவினாப் போதுமாம்."

"ஓம் ஓம், தெரியும்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மூக்கிலுள்ள மயிர்கள் தூசியை எப்படி மறிக்கின்றன, சளி அதை எப்படி ஒட்டவைக்கிறது, மிச்சத்தை நுரையீரல் எப்படிச் சுமக்கிறது என்று முழுப் பாடத்தையும் நடத்தினேன். அவர் தரையைப் பார்த்தபடி கடைசிவரை நின்று கேட்டார். வேறென்ன செய்வார்? மாமனார் கதைக்கும்போது நடுவில் போக முடியாதே.

அதன் பிறகு ஒரேயொரு தடவை கதிரை போட்டு ஏறினேன். மகள் கண்டுவிட்டாள்.

"வாப்பா, இறங்குங்க! அவரு கண்டா என்ன நினைப்பாரு? தான் வாங்கித் தந்த சாமானுக்கு உங்களக் கூலி வேல செய்யவெச்சிட்டன் எண்டு மனசு நொந்து போயிருவாரு."

உடனே இறங்கிவிட்டேன். மருமகனின் மனம் நோகக் கூடாது அல்லவா? அவரிடம் கழுவச் சொல்லவும் முடியாது. அது மரியாதை இல்லை. அவராக வந்து கழுவவும் முடியாது. அது மாமியின் அறை. இப்படி ஆளுக்காள் மரியாதையாக இருந்தோம். தூசி அதன் பாட்டில் சேர்ந்துகொண்டிருந்தது.

வழக்கத்தின் மேல் முழுப் பழியையும் போட்டால் அதுவும் பொய்தான். மருமகன் காலையில் அக்கரைப்பற்றுக்கு வேலைக்குப் போனால் பின்நேரம்தான் திரும்புவார். பகல் முழுக்க நானும் கதிரையும் தண்ணீர்க் குழாயும் வீட்டில் சும்மாதான் இருந்தோம். எனக்கு அலுப்பு. அந்த அலுப்புக்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன்.

போன நோன்பில் மனைவி முதல் நாளே தராவீஹ் தொழுகைக்காகப் பெண்கள் கூடும் தைக்காவுக்குப் போனாள். பாதியில் திரும்பி வந்தாள். "சப்பு வரிசையில நிண்டு இருமிக்கிட்டே இருந்தா மத்தவங்கட தொழுகையும் கெட்டுப்போகும்" என்றாள். மீதி நாளெல்லாம் எங்கள் அறையில், கதிரையில் இருந்தபடி தனியாகத் தொழுதாள். அவளுக்குக் காற்று நன்றாகப் படட்டும் என்று, அந்தக் கதிரையை ஏசிக்கு நேர் கீழே இழுத்துப் போட்டவன் நான்.

இந்த வருடம் நோன்பு நெருங்கியபோது கேட்டாள்: "இந்த முறையாவது நான் தைக்காவுக்குப் போவனா?"

"பாப்பம்" என்றேன். அவளிடமிருந்து அடுத்து எதைப் பறிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இலவம்பஞ்சுத் தலையணையில் கண் விழுந்தது. அதையும் தூக்கிக் கொட்டிலில் போட்டேன்.

மறுநாள் ஏசியிலிருந்து என் மொட்டைத் தலையில் தண்ணீர் சொட்டியது. நான் வாளி வைத்தேன். வாளி நிறைந்தபோது இன்னொரு வாளி வைத்தேன். அதைக் கண்ட மனைவி முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் செய்தாள். மகளைத் தூதனுப்பாமல் நேரடியாகவே கூப்பிட்டாள்.

"மருமகன், உள்ள வந்து இத ஒருக்காப் பாருங்க. நான் குசினிக்குப் போறன்."

இவ்வளவுதான். அவள் குசினிக்குப் போனாள், அவர் அறைக்குள் வந்தார். வானம் இடிந்து விழவில்லை.

மூடியைத் திறந்து பில்டரை இழுத்தார். "மாமா..." என்றார். அது வலையாகத் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி. இரண்டு கையாலும் ஏந்தி முற்றத்துக்குக் கொண்டுபோனார். குசினிக் கதவோரம் நின்ற மனைவி அதைக் கண்டாள்.

"பூனைய அனுப்பிப்போட்டு, அதுட தோல உரிச்சி இதுக்குள்ளயா வெச்சிரிந்தீங்க?"

மகள் சிரித்துவிட்டாள். எனக்கு முன்னால் சத்தமாகச் சிரித்தறியாத மருமகனும் தோள் குலுங்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார், "என்ட பிழைதான் மாமா. நான் பாத்துச் செஞ்சிரிக்கணும்."

அந்த இடத்தில் ஒரு மனிதன் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருப்பான். நானும் வாயைத் திறந்தேன்தான்.

"எனக்கு இத ஆரும் விளங்கச் சொல்லல்லியே."

மருமகன் மறுபடியும் தரையைப் பார்த்தார். என் மூக்கு மயிர்ப் பாடத்தை முழுவதும் கேட்டவர், என்னைக் காட்டிக்கொடுக்காமல் குழாயைத் திறந்துவிட்டார்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நகம் வெட்டிக் குளித்து ஜும்ஆவுக்குப் போகுமுன் நான் கதிரையில் ஏறுகிறேன். மருமகன் வீட்டில் நின்றால் கதிரையைப் பிடித்துக்கொள்வார். மனைவிக்கு இழுப்பு குறைந்திருக்கிறது. டொக்டர் மருந்தையும் மாற்றினார். ஆகவே எது காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

நோன்புக்குத் தலைப்பிறை தெரிந்த அன்று, வழக்கம்போல எல்லோரிடமும் மாப்புக் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு வருடமும் ஒப்புவிக்கிற வாசகம்தான். மனைவியிடம் வந்து, "தெரிஞ்சும் தெரியாமலும் செஞ்ச பிழைகள..." என்று தொடங்கினேன்.

"நில்லுங்க. தெரியாமச் செஞ்சத அல்லாஹ் பாப்பான். தெரிஞ்சு செஞ்சதச் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். மருமகன் அன்றைக்கே சொல்லிவிட்டார், எனக்குத் தெரியும், செய்யவில்லை, பிறகு தெரியாது என்று பொய்யும் சொன்னேன் என்றேன்.

"அது எனக்குத் தெரியும். அண்டைக்குக் குசினிக்குள்ள நிண்டு நானும் கேட்டன், அந்த மூக்கு மயிருப் பாடத்த."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் ஒண்டும் கதைக்கல்ல?"

"நீங்க கழுவுறீங்க எண்டுதான் நெனச்சிக்கிட்டிருந்தன். இவ்வளவு தெரிஞ்ச மனிசன் செய்யாமலா இரிப்பாரு எண்டு."

இருமலைக் கேட்டுக்கொண்டே ஒரு வருடம் படுத்திருந்தவன் நான். அவள் தொழுகை உடுப்பைப் போட்டுக்கொண்டு தைக்காவுக்குப் புறப்பட்டாள்.

பள்ளியில் தொழுதுவிட்டு அவசரமாக வந்து படலையடியில் நின்றேன். பாதியில் வந்துவிட்டாளோ என்று உள்ளே போய் அறையையும் எட்டிப் பார்த்தேன். கதிரை காலியாக இருந்தது. கடைசியில், மற்றப் பெண்களோடு சத்தமாகக் கதைத்துக்கொண்டு வந்தாள்.

"முழுக்கத் தொழுதியா?"

"தொழுதன். பூனைய எப்ப கொண்டு வாறீங்க?"