மாதாவின் சால்வையில் பச்சை ஈ

எங்கள் தமிழ்ப் பங்கில் மே மாதம் மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாள் தங்கும். சனம் கூடிச் செபமாலை சொல்லும். என் மனைவி ஆறு வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தாள். ஒரு வருடம் சுவரில் ஈரம், இன்னொரு வருடம் எலி. நாங்கள் இருக்கிற கோட்-டெ-நெய்ஜ் பகுதி அடுக்குமாடிகளில் இதெல்லாம் வாடகையோடு வருவது. ஆனால் மாதா காலடி வைக்கிற அளவுக்கு எங்கள் வீடு சுத்தமில்லை என்பது அவளுக்குத் தீராத வெட்கம். போதாததற்கு நான் ஆஸ்பத்திரியில் நிலம் துடைக்கிறவன்.

ஏழாம் வருடம் துணிந்து பெயர் கொடுத்தாள். மாதா வருவதற்கு முதல் நாள் சன்னலெல்லாம் ஈ. குற்றவாளி நான்தான். குளிருக்காக உள்ளே வைத்திருந்த கறிவேப்பிலைச் சாடியில் மரக்கறித் தோலைப் புதைப்பது என் பழக்கம். மகள் போனில் படம் எடுத்துத் தேடினாள். ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய சிப்பாய் ஈயாம். அரிசி மணியளவு உடம்பு, டொஃபி சுற்றிய தாள்போல் மினுங்கும் பச்சை. ஆணுக்கு இரண்டு கண்ணும் உச்சந்தலையில் முட்டிக்கொண்டிருக்கும். புழு அழுகலைத் தின்னும். ஈயோ வெயிலில் இலைமேல் குந்தி, சிறகை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கும். கடிக்காது. நான் கண்ட சிப்பாய்களில் சண்டைக்கு வராதது இது ஒன்றுதான்.

"சாடியைக் குளியலறையில வச்சுப் பூட்டுங்கோ," என்றாள் மனைவி. சன்னல் ஈக்களையும் உள்ளே துரத்திக் கதவைச் சாத்தினேன்.

மறுநாள் செபமாலையின் நாலாம் பத்தில் யாரோ குளியலறைக்குப் போய்க் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டார்கள். வெளிச்சத்தைத் தேடி வந்த ஈப்படை, சன்னலோரம் வெயிலில் நின்ற மாதாவின் வெள்ளைச் சால்வையில் இறங்கியது. செபமாலை நடத்திய அன்ரிக்குப் பார்வை மட்டு.

"மாதாவே! பச்சைக் கல்லு பதிச்ச மாதிரியெல்லோ மின்னுது! புதுமை, மாதாவின்ர அற்புதம்!"

இரண்டு பேர் அழத் தொடங்கினார்கள். ஒருவர் பங்குச் சுவாமியாருக்குப் போன் எடுத்தார். நான் வாயே திறக்கவில்லை. புதுமையென்றால் மானம் தப்பும்.

மனைவி எழுந்தாள். "அன்ரி, அது கல்லில்லை. எங்கட வீட்டு ஈ. நான் வடிவாத் துப்பரவாக்கேல்லை," என்று விம்மினாள்.

அன்ரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டு ஈயைப் பார்த்தார்.

"பிள்ளை, மாதா எங்கட வீட்டுக்கு வந்த அண்டு ஒரு கரப்பான் ஓடினது. அஞ்சு பத்தும் அதுக்கு மேல முழங்காலை ஊண்டிக்கொண்டுதான் சொன்னனான்."

"எங்கட சோபாவில மூட்டைப்பூச்சி," என்றார் போனைக் கீழே வைத்தவர்.

மனைவி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு சொரூபத்தின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நான் ஏனம்மா உங்களை ஆறு வருசம் வெளியில நிப்பாட்டினனான்?"