பனாட்டும் ஜேர்மன் மவுத் ஓர்கனும்

நாற்பத்தாறு வயதில் வேலணைத் தீவில் ஒரு வாத்தியக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன் நான் இயக்கிய ஒரே வாத்தியம் வெங்காயத் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பு. முதல் நாளே முதலாளி சரோ அக்கா சொன்னார்:

"ஒரு கிழமை பாப்பம். சரிவராட்டித் தோட்டத்துக்கே போம். ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டன், மவுத் ஓர்கனில உம்மட வாய் படக்கூடாது. வாய் பட்டதை ஒருத்தரும் வாங்கமாட்டினம்."

சத்தம் காட்ட மேசையில் ஒரு சின்னத் துருத்தி இருந்தது. மவுத் ஓர்கனை அதில் வைத்து அமத்தினால் ஒவ்வொரு ஓட்டையும் கத்தும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று சாதி. சைனா இரண்டாயிரம், யப்பான் பதினோராயிரம், ஜேர்மன் இருபத்துநாலாயிரம்.

கிழமையின் கடைசி நாள், அக்கா யாழ்ப்பாணம் போயிருந்த நேரம், புளியங்கூடல் பொன்னையா அண்ணை வந்தார். ஓய்வுபெற்ற தபால் அதிபர். இனித்தான் மவுத் ஓர்கன் வாசிக்கப் பழகப் போகிறாராம்.

"தம்பி, இதுகளுக்குள்ள எந்த மார்க் திறம்?"

"ஜேர்மன்தான் அண்ணை."

"ஏன்?"

"விலையைப் பாருங்கோவன்."

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அது அவருக்கும் விளங்கிவிட்டது. "மனுசியிட்டக் கேட்டுக்கொண்டு வாறன்" என்று சைக்கிளை எடுத்தார்.

அப்படி என்னதான் வித்தியாசம்? துருத்தியில் மூன்றும் ஒரே மாதிரித்தான் கத்தின. ஜேர்மனை எடுத்து வாயில் வைத்து ஊதினேன். கன்னத்தில் ஒரு துண்டு பனாட்டை அடக்கி வைத்திருந்தது ஊதிய பிறகுதான் ஞாபகம் வந்தது. பனங்களியைக் காயவைத்த சாமான். பல்லில் ஒட்டினாலே அரைநாள் நிற்கும். அது நாலாம் ஓட்டைக்குள் குடியேறிவிட்டது.

நாலாம் ஓட்டை ஊமை. பலமாக ஊதினேன், ஐந்தாவதும் ஊமை. துருத்தியில் வைத்தேன், துருத்தி இருமியது. கண்ணுக்கு முன்னால் தண்ணீர்ப் பம்பு தெரிந்தது. அந்தப் பதற்றத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. வந்திருக்கக் கூடாது. கேத்தலில் இருந்த சுடுதண்ணீரைக் கோப்பையில் ஊற்றி ஜேர்மனை அதற்குள் இறக்கினேன்.

பனாட்டு கரைந்தது உண்மைதான். ஆனால் ஜேர்மனுக்கு உள்சட்டம் மரம். மரம் தண்ணீரைக் குடித்து வீங்கி, பத்து ஓட்டையில் ஏழு ஊமையாகிவிட்டது. வாசலில் சைக்கிள் மணி. ஜேர்மனைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் போட்டேன்.

"மனுசி ஜேர்மனையே எடுக்கச் சொல்லிப்போட்டாள், தம்பி."

"யப்பானை எடுங்கோ அண்ணை."

"அப்ப ஜேர்மன் எண்டனீர்?"

"பிறகு யோசிச்சுப் பாத்தனான். ஜேர்மனுக்கு உள்ளுக்க மரம், ஈரம் பட்டா வீங்கும். எங்கட கடற்காத்துக்குச் சரிவராது. யப்பானுக்குப் பிளாஸ்ரிக். கழுவலாம். விலையும் பாதிக்குக் குறைவு."

எல்லாம் உண்மை. படித்துப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

அந்த நேரம் பார்த்து சரோ அக்கா உள்ளே வந்தார். பொன்னையா அண்ணை அவரிடம், "பிள்ளை, நல்ல ஆளைத்தான் பிடிச்சிருக்கிறாய். விலை கூடினதை வேண்டாம் எண்டு சொல்லுற கடைக்காரனை இண்டைக்குத்தான் கண்டனான்" என்றார்.

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்தேன். பொக்கற்றிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஐசே, உம்மட பொக்கற் ஏன் வேர்க்குது?" என்று கேட்டார் அக்கா.

ஜேர்மனை எடுத்து மேசையில் வைத்து, பனாட்டிலிருந்து கேத்தல் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அதை எடுத்து மணந்து பார்த்தார். பொன்னையா அண்ணைதான் முதலில் சிரித்தார்.

"ஜேர்மன்காரன் எல்லாச் சோதினையும் வச்சிருப்பான். பனாட்டுச் சோதினை வச்சிருக்க மாட்டான்."

யப்பானை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

"அக்கா, நாளைக்குத் தோட்டமோ?"

"இரும். மவுத் ஓர்கனைப் பற்றி உம்மளவுக்குத் தெரிஞ்ச ஆள் இப்ப தீவிலயே இல்லை."

அந்த ஜேர்மன் இன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் விலை எழுதாமல் இருக்கிறது. எந்த மார்க் திறம் என்று யாராவது கேட்டால் நான் பெயர் சொல்வதில்லை. வீடு கடலுக்கு எவ்வளவு கிட்ட, கழுவித் துடைக்கும் பழக்கம் உண்டோ என்று விசாரிப்பேன். பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்வேன்.