செவலை கிணற்றில் விழுந்தபோது

அப்போது நான் தலைப்பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். யுத்தம் முடிந்திருந்த சமயம். பந்தல்குடிக்குப் போகிற பாதையில் எங்கள் வீடு. முன்கட்டில் ஐயா பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்றார். பின்னால் கொல்லையில் கிணறு. மழை ஏமாற்றியதால் ஆள்விட்டுத் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். மண்ணை வெளியே கொட்ட வசதியாக ஒரு பக்கத்துக் கைப்பிடிச்சுவரை இடித்திருந்தார்கள்.

எங்கள் நாய்க்கு நல்ல வயசாகிவிட்டது. நிறத்தைப் பார்த்து செவலை என்றே கூப்பிடுவோம். காது சுத்தமாகக் கேட்காது. கண்ணிலும் பூ விழுந்திருந்தது. ஐயா அதைக் கொஞ்சி நான் பார்த்ததே இல்லை. கடை வாசலில் படுத்திருந்தால், "எந்திரி சனியனே" என்று காலால் தள்ளுவார். அது எழுந்து, அவர் காலடியிலேயே மறுபடி சுருண்டுகொள்ளும்.

அன்றைக்கு ஆட்கள் கஞ்சி குடிக்கப் போயிருந்தார்கள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். செவலை மண்மேட்டை மோந்துகொண்டே இடிந்த பக்கமாய் நடந்தது. "ஏய், செவலை!" என்று கத்தினேன். அதுக்குக் காது கேட்காது என்பதே எனக்குத் தோன்றவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அங்கே தரை இருக்கிறது என்ற நினைப்பில் அது நிதானமாக முன்காலை எடுத்து வைத்தது. அவ்வளவுதான். நாயைக் காணோம்.

நான் போட்ட கூச்சலில் ஐயா தராசை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். எனக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். கிணற்றைக் காட்டினேன். அடியில் சேற்றுக்குள் செவலை தலையைத் தூக்கி ஊளையிட்டது.

"ஆளுக வந்துரட்டும்ங்க" என்றாள் அம்மா. அவள் சொல்லி முடிப்பதற்குள் ஐயா வேட்டியை வரிந்து கட்டி, மண்கூடை தூக்குகிற வடத்தைப் பிடித்து இறங்கிவிட்டார். கல்லாவிலிருந்து எழவே சிரமப்படுகிற மனுஷன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு அலறல். நாயின் குரல் இல்லை, ஐயாவுடையது.

ஆட்கள் ஓடிவந்து முதலில் கூடையில் நாயையும் பிறகு ஐயாவையும் மேலே இழுத்தார்கள். அவர் வலது கையில் பெருவிரலடி கிழிந்து ரத்தம் ஒழுகியது.

பக்கத்து வீட்டுக்காரர் கம்போடு வந்துவிட்டார். "வெறி பிடிச்சிருக்கும் அண்ணாச்சி. அடிச்சுப் போட்டுருவோம்."

"தொட்டீருன்னா பாரும்!" ஐயா குறுக்கே போய் நின்றார். "கண்ணுந் தெரியல, காதுங் கேக்கல. திடுதிப்புன்னு ஒரு கை வந்து பிடிச்சா அது என்ன செய்யும்?" அந்தக் குரல் உடைந்ததைக் கேட்டு அம்மாவே திகைத்துப்போனாள்.

அருப்புக்கோட்டை டாக்டர் காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டு, நாயைக் கொல்லக் கூடாது, பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிக்க வேண்டும், அதுக்கு ஏதாவது ஆனால் உடனே மதுரைக்குப் போய் ஊசி போட வேண்டும் என்றாராம். வெறி பிடித்த நாய் தண்ணீரைக் கண்டால் மிரளும் என்று ஊரில் பேச்சு. அதனால் விடிந்ததும் ஐயா சட்டியில் தண்ணீர் ஊற்றி அதன் முன்னால் வைத்துவிட்டு உட்காருவார். நானும் அம்மாவும் அடுப்படியில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம்.

"குடிக்குது" என்று அவர் குரல் கொடுத்த பிறகுதான் அம்மா அடுப்பையே பற்றவைப்பாள்.

கெடு தாண்டியது. நாய்க்கும் ஒன்றும் இல்லை, ஐயாவுக்கும் ஒன்றும் இல்லை. பெருவிரல் மட்டும் கடைசிவரை மடங்கவில்லை. எனக்குப் பையன் பிறந்து, ஐப்பசி மழையும் பெய்தபிறகு, ஒரு மத்தியானம் செவலை தூக்கத்திலேயே போய்விட்டது. ஐயா அன்று கடை திறக்கவில்லை.