பட்டு செக்ஷனும் என் இடது கையும்

ஜவுளிக்கடை வேலைக்கு வாய் இருந்தால் போதும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அது இரண்டு கைக்கும் இரண்டு காலுக்குமான வேலை, வாய் சும்மா கூட வருகிறது.

வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் பதினெட்டு வருஷமாகப் பட்டு செக்ஷனில் நிற்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பைக்குக்குக் குறுக்கே ஒரு நாய் வந்தது. நாய் தப்பித்தது, எனக்குத் தலையில் அடி. ஹெல்மெட் எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். பெட்ரோல் டேங்க் மேலே பத்திரமாக இருந்தது. பிழைத்தேன். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு விருந்தாளிகள் கூடவே வந்துவிட்டார்கள். ஒன்று, இடது கையிலும் காலிலும் இறுக்கம். இன்னொன்று, சொல்லி மாளாத அசதி. என்னை மாதிரி தலையில் அடிபட்டவர்கள் இதைப் படித்தால் ஆமாம் என்று தலையாட்டுவீர்கள். பைய ஆட்டுங்கள்.

எட்டு மாசம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். முதலாளி அண்ணாச்சி என் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "ஆவணி முகூர்த்தம் வரைக்கும் பட்டுல நில்லு முத்தையா. முடியலன்னா வாசல்ல பை வாங்கி வைக்கிற எடத்துக்குப் போயிரு. சம்பளம் குறையாது" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனாலும் அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. டோக்கன் கொடுத்துப் பை வாங்குவதும் வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. பட்டை விரித்துப் போடாமல் என்னால் இருக்க முடியுமா என்பதுதான் பயம்.

சேலையை விடாத கை

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார்கள். பச்சைச் சேலை ஒன்றை விரித்து, முந்தியை இடது கையில் பிடித்துக் காட்டினேன். "குடுங்க பாப்போம்" என்று அவர்கள் வெடுக்கென்று இழுத்தார்கள். என் கையின் குணம் அவர்களுக்குத் தெரியாதே! வேகமாக இழுத்தால் விரல்கள் இன்னும் இறுக மூடிக்கொள்ளும். அவர்கள் இழுக்க, நான் பிடிக்க, ஜரிகை போய்விடுமே என்று எனக்கு வேர்த்துவிட்டது.

பக்கத்து கவுண்டர் இசக்கி ஓடி வந்தான். என் மணிக்கட்டை மெள்ள உள்பக்கம் மடக்கி, முதலில் கட்டைவிரலை, பிறகு மற்ற விரல்களை, பைய, பைய எடுத்துவிட்டான். அதைச் சொல்லிக் கொடுத்தவர் ஆஸ்பத்திரிப் பயிற்சிக்காரர். நான் கற்றதைவிட, துணைக்கு வந்த இசக்கி நன்றாகக் கற்றிருந்தான். டீச்சரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னார்கள்: "இவ்வளவு ஆசையா இருந்தா வீட்டம்மாவுக்கு எடுத்துக் குடுத்துருங்க தம்பி, நான் வேற பாக்குதேன்."

கொட்டாவி விட்டால் கலர்

எங்கள் கடையில் ஒரு வழக்கம். பட்டு எடுக்கிற பார்ட்டிக்குக் குடிக்கக் கலர் சோடா வேண்டுமென்றால் சத்தம் போடக் கூடாது, கையை உயர்த்தினால் போதும். மாடிப்படி ஓரம் நிற்கிறவர் பாட்டிலை உடைத்துக் கொண்டுவந்து வைத்துவிடுவார்.

நான் கொட்டாவி விட்டால் என் இடது கை தானாகத் தோள்வரை எழும்பும். நான் தூக்கினால் வராத கை அது! இப்படிச் சிலருக்கு ஆகும் என்று டாக்டர் சொன்னார். குலசேகரன்பட்டினத்திலிருந்து வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி முன்னால், பதினொன்றரை மணிக்கு அசதி தொடங்கியது. ஒரு கொட்டாவி, இரண்டு கலர். இன்னொரு கொட்டாவி, இன்னும் இரண்டு. மூன்றாவது வந்தபோது வலது கையால் இடது கையை அமுக்கினேன். அதற்குள் பாட்டில் வந்துவிட்டது. அந்தம்மாவுக்கு ஒரு சேலையும் பிடிக்கவில்லை. எழுந்து போகும்போது வீட்டுக்காரர் ஒரு ஏப்பம் விட்டுச் சொன்னார்: "சேலை எடுக்காட்டாலும் உங்க கடையில மனுசனுக்கு வயிறு நெறைஞ்சிருதுவே!"

செல்வியின் இருபது நிமிஷம்

குளிரில் இறுக்கம் கூடும். பட்டு செக்ஷன் ஏ.சி.க்கு என் மேல் தனிப் பிரியம். அதனால் காலையில் என் மனைவி செல்வி இளஞ்சூட்டுத் தண்ணீரில் துண்டை நனைத்துக் கையைச் சுற்றிவைப்பாள். அப்புறம் விரல் விரலாக நீவி விரிப்பாள். இருபது நிமிஷம். அடுப்பில் குழம்பு கொதித்தாலும் அந்த இருபது நிமிஷத்தில் குறை வைக்க மாட்டாள்.

ஒரு நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அடிபட்ட பிறகு கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கிறது, உங்களுக்கும் அப்படித்தானே? "இந்தச் சனியன் பிடிச்ச கை இருந்தா என்ன, போனா என்ன!" என்று உதறிவிட்டேன். துண்டு சுவரில் போய் விழுந்தது. அவள் அதை எடுத்துப் பிழிந்து, மறுபடி வந்து உட்கார்ந்தாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. கையை நானே நீட்டினேன். நீவிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஊரான் சேலைய அவ்வளவு பக்குவமா மடிக்கத் தெரியுதுல்லா, உங்க கைய மட்டும் ஏன் இப்படிப் போட்டு உதறுதிய?"

நடிப்பு

காலை இழுத்து நடந்தால் ஊர் "பாவம்" என்கிறது. அசதி என்று படுத்தால் "நடிக்கான்" என்கிறது. என்ன செய்ய, அசதி வெளியே தெரியாதே! பன்னிரண்டு மணிக்கு மேல் எனக்குச் சத்தமும் வெளிச்சமும் சேர்ந்து மண்டையில் ஏறும். மாம்பழ மஞ்சள் கேட்டால் கத்திரிப்பூ நிறத்தை எடுத்து வைப்பேன். உடம்பு நிற்கும், தலை மட்டும் கடையைச் சாத்திவிடும். குடோனில் துணிப் பொதி மேல் முக்கால் மணி நேரம் படுத்தால்தான் மறுபடி மனுஷன். அதுவும் அண்ணாச்சி சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, ஒளிந்து ஒளிந்துதான்.

புதிதாக வந்த சூப்பர்வைசர் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, இசக்கியிடம் "நல்லா நடிக்காருவே" என்றார். இசக்கி கேட்டான்: "உம்ம போனு சார்ஜ்ல கெடந்தா, நடிக்குதுன்னா சொல்லுதீரு?"

உவரிக்காரர்கள்

ஆவணி வந்தது. அண்ணாச்சி சொன்ன கெடுவும் வந்தது. உவரியிலிருந்து கல்யாணப் பார்ட்டி, பத்துப் பேர். முன்பெல்லாம் ஐம்பது சேலையை மளமளவென்று எறிந்து மலைக்க வைப்பேன். இப்போது அது நடக்காது. அதனால் கல்யாணப் பெண்ணின் முகத்தைப் பார்த்து யோசித்து, ஒவ்வொன்றாக எடுத்து விரித்தேன். மற்றவர்களுக்கு எடுத்தாகிவிட்டது. கல்யாணச் சேலைக்கு வரும்போது மணி பன்னிரண்டேகால். விரல் மூடிக்கொண்டது. "அரக்கு" என்று சொல்ல வந்தால் வாயில் வேறு என்னமோ வருகிறது.

அதுவரை எந்தப் பார்ட்டியிடமும் நான் சொன்னதில்லை. அன்று பெண்ணின் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அக்கா, எனக்குத் தலையில அடிபட்டது. முக்கால் மணி நேரம் தூங்காம இனிமே கலர் பிரிச்சுப் பாக்க முடியல. இசக்கி காட்டுவான்." சொல்லிவிட்டுக் குடோனுக்குப் போய்ப் படுத்தேன். என் பட்டு செக்ஷன் முடிந்தது என்று கண்ணீர் வந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் தூங்கிவிட்டேன்.

மீதியை இசக்கி சொன்னான். அண்ணாச்சி வந்து பார்த்தாராம். முன்னால் ஒரு சேலைகூட இல்லாமல் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பதறிப்போய் இசக்கியைக் காட்டச் சொல்லியிருக்கிறார். பெண்ணின் அம்மா வேண்டாம் என்றுவிட்டார்களாம். "காலையில இருந்து எம்பிள்ளை முகத்தப் பாத்து எடுத்துப் போட்டது அந்தத் தம்பிதான். எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போயிட்டு வந்து தூங்கும்போது, எழுப்பி யாரும் மீன் கேக்க மாட்டாங்க. அவரு தூங்கி வரட்டும்."

எழுந்து வந்தால் மாடிப்படியில் அண்ணாச்சி நிற்கிறார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "லே முத்தையா, பட்டுலயே நில்லு. இனிமே பன்னெண்டு மணிக்கு நீயாப் போய்ப் படுத்துரு. ஒன்ன எழுப்புனா பார்ட்டி என்னையத்தான் ஏசுது!"

பதினெட்டு வருஷம் கண் முழித்து நின்று வாங்காத நல்ல பேரை, முக்கால் மணி நேரம் தூங்கி வாங்கியவன் இந்தத் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.