குடைக்காரியின் தலை

அவரைக் கடையில் எல்லோரும் ஜப்பான் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜப்பான் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கழிவறைப் பக்கம் கை காட்டக்கூடிய மனிதர். ஆனாலும் தரைக்குக் கீழே இருக்கும் அந்தக் கடைத்தெருவில், செல்போன் பேக் கவர் விற்கும் முப்பது கடைகளில், ஜப்பான் படம் போட்ட கவர் வேண்டுமென்றால் இந்தக் கடைக்குத்தான் வந்தாக வேண்டும். பொங்கி எழும் அலை, பனித்தொப்பி வைத்த மலை, ஒற்றைக் காலில் நிற்கும் நாரை, பூ உதிரும் மரத்தடியில் குடை பிடித்து நிற்கும் பெண். எல்லாம் அவர் கை வரைந்தது. ஒரு டயர் கம்பெனியின் பழைய காலண்டர்தான் குரு. படத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழாக நாலு எழுத்தும் உண்டு. அதற்குக் காலண்டரின் துணைகூடக் கிடையாது, முழுக்கச் சொந்தக் கற்பனை. அர்த்தம் கேட்பவர்களிடம் முதலாளி திங்கட்கிழமை "அமைதி" என்பார், செவ்வாய்க்கிழமை "வெற்றி" என்பார். இதுவரை ஒருவரும் கவரைத் திருப்பிக் கொடுக்க வந்ததில்லை.

வரைவது பெரிய காரியமில்லை. தலையைக் காப்பாற்றுவதுதான் வேலை. போன் கம்பெனிக்காரர்கள் கேமராவை ஓர் ஆண்டு இடது மூலையில் வைப்பார்கள், மறு ஆண்டு நடுவில் வைப்பார்கள், அதற்கடுத்த ஆண்டு அடுப்பு மாதிரி நாலு ஓட்டை போடுவார்கள். கவரிலும் அதே இடத்தில் ஓட்டை விழும். நாரையின் கழுத்து அங்கே போய் மாட்டாமல், குடைக்காரியின் மூக்கு பறிபோகாமல், ஒவ்வொரு மாடலுக்கும் படத்தைக் கம்ப்யூட்டரில் நகர்த்தி, வளைத்து, மரக்கிளையை இழுத்து ஓட்டைக்குப் பலி கொடுத்து, தலையை மட்டும் மீட்டுக்கொண்டு வர வேண்டும். ஒன்பது வருடத்தில் ஓர் உயிர்ச்சேதம் இல்லை.

போன வருடம் ஒரு நாள் திரையில் குடைக்காரியின் முகம் காணாமல் போனது. உடம்பு இருக்கிறது, குடை இருக்கிறது, முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறப் புகை. கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று ரிப்பேர்காரரைக் கூப்பிட்டு ஒரு பாட்டம் திட்டினார். திட்டிக்கொண்டே பக்கத்துச் சுவரைப் பார்த்தபோது, ஓரக்கண்ணில் அவள் முகம் திரும்பி வந்தது. நேராகப் பார்த்தால் மறுபடி போய்விட்டது. ரிப்பேர்காரருக்கு முகமே கிடையாது என்பதை அப்போதுதான் கவனித்தார்.

கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "நடுப்பார்வை தேயுது. இதுக்கு மருந்து இல்ல. பயப்படாதீங்க, முழுசா இருட்டாயிடாது. ஓரத்துல தெரியும்."

வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "ஓரத்துல தெரிஞ்சா போதும். நடுவுல நான் நிக்கிறேன்."

சொன்னபடி நின்றாள். அவளுக்கு ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. அச்சடிக்கும் முன் அவர் ஒவ்வொரு படத்தையும் அவள் போனுக்கு அனுப்புவார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்ப்பாள். குரலில் பதில் வரும். "தலை இருக்கு." அல்லது, "கொக்குக்குக் கண்ணு போச்சுங்க, வலது பக்கமா தள்ளுங்க." காதில் ஒயர் மாட்டியிருப்பதால் கடையில் யாருக்கும் கேட்காது. பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை செய்கிற ரசிகர் என்று பெயர் வாங்கியிருந்தார். முதலாளிக்குத் தெரிந்தால் அன்றோடு நாற்காலி போய்விடும். ஐம்பத்து மூன்று வயதில், பாதிக் கண்ணோடு, படம் வரைகிறவனை எவன் எடுப்பான்?

பதினோரு மாதம் ஓடியது.

அதன் பிறகு புது மாடல் ஒன்று வந்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே, நட்டநடுவில், சோடா மூடி அளவுக்கு ஒரே வட்ட ஓட்டை. முதலாளிக்கு இருநூற்று நாற்பது குடைக்காரி மதியத்துக்குள் வேண்டும். அன்று காலைதான் சலவைக்கூடத்தில் யாரோ விரிப்பைக் கருக்கிவிட, மேற்பார்வையாளர் எல்லோருடைய போனையும் பிடுங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தார். ஜப்பானுக்கு அது தெரியாது. படத்தை அனுப்பினார், காத்திருந்தார், மறுபடி அனுப்பினார்.

"என்ன ஜப்பான், மெஷின் சும்மா நிக்குது?" முதலாளியின் குரல் முதுகில் வந்து உட்கார்ந்தது.

"இதோ ஆச்சு சார்."

ஓரக்கண்ணால் பார்த்தவரைக்கும் சரியாகத்தான் இருந்தது. பொத்தானை அழுத்தினார்.

அச்சு மெஷினின் தட்டில் ஒரு நேரத்துக்குப் பன்னிரண்டு கவர். கடைசித் தட்டு வெளியே வந்தபோதுதான் ஒன்றை எடுத்துத் தடவினார். மை கொஞ்சம் மேடாக நிற்கும், விரலுக்குப் புரியும். குடை. குடைக்குக் கீழே ஓட்டை. ஓட்டைக்குக் கீழே நேராகக் கழுத்துப்பட்டி. இருநூற்று நாற்பது கழுத்தும் ஒரே சீராக வெட்டப்பட்டிருந்தன. கவர்களைப் பையில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்த கவுண்டர் பெண் ஒன்றும் சொல்லவில்லை. புது டிசைன் என்று நினைத்துவிட்டாள்.

"நாளைக்கு நீங்களே போய்ச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி, அன்று ராத்திரி. "அவங்களா கண்டுபிடிச்சா மரியாதை இல்ல."

மறுநாள் வார்த்தைகளைக் கோத்து வைத்துக்கொண்டு போய் நின்றார். முதலாளி முந்திக்கொண்டார்.

"ஜப்பான், உங்க மண்டைக்குள்ள என்னதான் இருக்கு? கழுத்துக்கு மேல கேமராவா? காலேஜ் பிள்ளைங்க அடிச்சுக்கிட்டு வாங்குதுங்க. போனே அவளுக்கு முகம்னு ஒருத்தி சொல்றா. நான் இங்க உக்காந்து இத்தனை வருஷமா என்ன யோசிச்சேன், சொல்லுங்க பார்ப்போம்?"

"சார், எனக்குக் கண்ணு தெரியல."

"ஆங்?"

"நடுவுல தெரியல சார். தலை போனதே எனக்குத் தெரியாது."

முதலாளி மேசையில் தட்டிச் சிரித்தார். "கலைஞன்னா இப்படித்தான்யா பேசணும். போங்க, எல்லாத்துக்கும் தலைய எடுங்க."

எடுத்தார். நாரைக்கு எடுத்தார், மீனுக்கு எடுத்தார், நரி முகமூடிக்காரனுக்கு முகமூடியோடு சேர்த்து எடுத்தார். மலைக்கு உச்சியைச் சீவினார். ஒன்பது வருடம் ஒரு மூக்குக்காக மணிக்கணக்கில் மல்லுக்கட்டியவருக்கு இப்போது ஒரு படத்துக்கு ஒரு நிமிடம். மனைவியைத் தொந்தரவு செய்யவேண்டிய அவசியம்கூட இல்லை. பிழைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தார். மனிதர் அவ்வளவு அப்பாவி.

மூன்றாவது வாரம் முதலாளி அவரை உட்காரச் சொன்னார். உட்காரச் சொல்கிற முதலாளியிடம் எப்போதும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"தப்பா நினைக்காதீங்க. தலைய காப்பாத்தணும்னா கைதேர்ந்த ஆளு வேணும். எடுக்கிறதுக்கு எதுக்கு? படத்தைத் தூக்கி ஓட்டைமேல வச்சா முடிஞ்சது. அதை நம்ம கவுண்டர் பொண்ணே செஞ்சிடும். சனிக்கிழமைக்குள்ள அதுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடுத்துடுங்க."

சனிக்கிழமை கவுண்டர் பெண் அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள், அவர் பக்கத்தில் ஸ்டூலில். அவள் பழைய கோப்பைத் திறந்தாள். "ஐயோ, இவளுக்கு இப்படி ஒரு முகமா? இவ்ளோ பெருசா நான் பார்த்ததே இல்லண்ணா," என்று சொல்லிக்கொண்டே முகத்தை இழுத்து ஓட்டைக்கு அடியில் தள்ளினாள். "இப்ப சரியான்னு பாருங்க."

சரிபார்க்க அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

"அண்ணா, கோச்சுக்காதீங்க. நான் கேட்டு வாங்கல இந்த வேலைய."

"கோபமில்ல. பார்க்கிறேன்."

"சுவத்தைத்தானே பார்க்கிறீங்க," என்றாள் அவள். சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

ஐந்து மணிக்குச் சலவைக்கூடத்து வாசலில் போய் நின்றார். பெட்டியிலிருந்து போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்த மனைவி, அவரைக் கண்டதும் நடையை எட்டிப் போட்டாள்.

"கண்டுபிடிச்சுட்டாங்களா?"

"இல்ல."

அவள் மூச்சு விட்டாள். பிறகுதான் அவர் அக்குளில் இடுக்கியிருந்த கடை நாற்காலித் திண்டைப் பார்த்தாள்.

"அப்ப எதுக்கு இதைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். தெருவைக் கடந்து, பேருந்து நிறுத்தத்தைக் கடந்து, அவர்கள் ஏறவேண்டிய பேருந்தும் அவர்களைக் கடந்து போன பிறகும் சொல்லி முடியவில்லை. அவள் முகம் எப்படி ஆனது என்று பார்க்க, அவர் தலையை அந்தப் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பவில்லை.