அம்மா அமுக்காத பட்டன்

ஆலை வாசலைத் தாண்டி அம்மா முன்னால் நடந்தார். அப்பாவின் மாற்றுத்துணிப் பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால். மலேசியாவின் பத்து பகாட் ஊர் வெயிலில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. அரைமணி நேரத்துக்கு முன்புவரை அம்மா அந்தத் துணி ஆலையின் கிளார்க்.

"அழிச்சிருக்கலாம்லம்மா."

"பேசாம நட."

விஷயம் இதுதான். மூன்றாம் நம்பர் மிஷினின் கைத்தடுப்பு உடைந்திருப்பதை அம்மா திங்களன்றே கணினியில் குறித்திருந்தார். வியாழனன்று அதே மிஷின், அதில் வேலை பார்த்த அப்பாவின் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. அன்று மதியமே மேனேஜர் தன் அறையில் அந்தக் குறிப்பைத் திறந்து, 'தடுப்பு நன்றாக உள்ளது' என்று மாற்றினார். அது தெரியாமல் அம்மா தன் மேசையில் அதே குறிப்பில், 'இன்னும் பழுதுபார்க்கவில்லை' என்று ஒரு வரி சேர்த்தார்.

அந்தக் காலத்து மென்பொருள் அது. ஒவ்வொரு கணினியிலும் முழுப் பிரதி இருக்கும். போன் லைன் செத்தாலும் வேலை நிற்காது. லைன் வந்ததும் பிரதிகள் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும். ஒரே குறிப்பை இருவர் மாற்றியிருந்தால், மேலதிகாரி எழுதியது என்று ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கியெறியாது. இரண்டையும் பெயரோடும் நேரத்தோடும் அடுத்தடுத்து வைத்துவிடும். சிங்கப்பூர்த் தலைமை அலுவலகத்துக்கும் இரண்டுமே போய்விட்டன. மேனேஜர் மாற்றலாம்; ஆனால் அழிக்கும் உரிமை குறிப்பைத் தொடங்கியவருக்கு மட்டும். அம்மா அழித்தால் அங்கேயும் அழியும். பிறகு எத்தனையோ ஊரில், எத்தனையோ கிடங்கில் வேலை பார்த்துவிட்டேன். அந்த மென்பொருள் அளவுக்கு நேர்மையான முதலாளி எவனும் எனக்கு வாய்க்கவில்லை.

மறுநாள் மேனேஜர் அம்மாவைக் கூப்பிட்டார். அப்பாவைப் பார்க்க அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போக வந்திருந்த நானும் உள்ளே போய் நின்றேன்.

"அலமாக், ஒரு வரிதான லா அக்கா. அழிச்சிட்டு வேலையப் பாருங்க. தடுப்பக் கழட்டுனது உங்க வீட்டுக்காரர்னு நான் எழுதிக்கிறேன்," என்று மலாய் கலந்து அலுத்துக்கொண்டார் மேனேஜர்.

"ஒரு வரிதான்னா உங்களுக்கு ஏன் சார் இப்படி வேர்க்குது? ஏர்கோன் குளுகுளுன்னு ஓடுதே."

"அப்ப நாளைக்கு வராதீங்க."

"நாளைக்கு என்ன, இப்பவே போறேன்."

அப்பா மீது பழி விழாமல் இருப்பதும் அவருடைய இழப்பீடும் அந்த ஒரு வரியில்தான் தொங்கின என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பதினைந்து வயதில் என் படிப்பு பறிபோனது மட்டும் தெரிந்தது. திங்கட்கிழமை காலை முதல் பஸ் பிடித்து யோங் பெங் போய், செம்பனை நாற்றுப் பண்ணையில் கறுப்புப் பைகளில் மண் நிரப்பும் வேலையில் சேர்ந்தேன்.

"ஏண்டா ஸ்கூலுக்குப் போகல?" என்றார் பண்ணையில் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர்.

"எங்கம்மா ஒரு பட்டன அமுக்க மாட்டேன்னுட்டாங்க."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.